நாற்பத்து மூன்றாம் நிமிடத்து மழை

பிரிண்ட் பார்ப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. படம் பார்ப்பவர் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். படம் பார்ப்பவர் கதாநாயகன் அடி வாங்கினால் பதறுவார், வில்லன் விழுந்தால் விசிலடிப்பார். பிரிண்ட் பார்ப்பவருக்குக் கதாநாயகன் செத்தாலும் கவலையில்லை, சாகிற நேரத்தில் அவன் சட்டையின் கறுப்பு சாம்பலாக வெளுக்காமல் இருந்தால் சரி. இவரை எப்படி அடையாளம் காண்பது? ரொம்ப சுலபம். ஏதாவது ஒரு படத்தை ரசித்துவிட்டு வந்து, இவரிடம் ஆசையாக இரண்டு வார்த்தை பேசத் தொடங்குங்கள். கதை எப்படி, யார் நடித்தது, அழுதாயா சிரித்தாயா, ஒன்றும் கேட்கமாட்டார். "எதுல பாத்த?" என்பார். போனில் என்று சொல்லிவிட்டீர்களா, தீர்ந்தது. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டி, "அப்ப நீ பாக்கவே இல்ல" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்.

திருநின்றவூர் ஏரிப் பக்கம் குடியிருக்கும் உதயகுமார் இந்த இனத்தின் அசல் வாரிசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ரப்பர் வளையம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்குத் தரம் பார்க்கிற வேலை. நாள் முழுக்க வளையங்களை விளக்குக்கு நேரே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், பிசிறு தெரிந்தால் சிவப்புக் கூடையில் வீசுவார். அங்கே சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் சும்மாவே செய்தார். இட்லி ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, பக்கத்து வீட்டுக் கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப் போயிருக்கிறது, கல்யாண ஆல்பத்தில் மாமனாரின் மூக்கு மட்டும் மங்கல். மனைவி யுவராணி இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளால் பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்.

அது 'ஒற்றைக்கால் கொக்கு' என்ற பழைய சண்டைப் படம். ஹாங்காங்கில் எடுத்துத் தமிழில் பேச வைத்தது. உதயகுமார் பள்ளியில் படிக்கும்போது ஆவடியில் ஒரு கொட்டகைக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு சண்டைப் படம் இந்த உலகத்தில் எடுக்கப்படவில்லை, எடுக்கவும் முடியாது என்பது அவர் கட்சி. அதிலும் அந்த க்ளைமாக்ஸ் இருக்கிறதே, அடேயப்பா! கல்யாணமான புதிதில், வானகரத்து வாடகை வீட்டில், புதுப் பெண்டாட்டியிடம் மனிதர் முதன்முதலாக மனம் திறந்து பேசியதே அந்தப் படத்தைப் பற்றித்தான். கண்டதிலும் அதைப் பார்க்கக் கூடாது, நல்ல பிரிண்டில் நானே காட்டுகிறேன் என்று வாக்கும் கொடுத்தார். அவளும் நம்பினாள். புதுப்பெண் எதைத்தான் நம்பமாட்டாள்?

கதை இதுதான். குருவுக்கு எதிரிகள் விஷம் வைத்துவிடுகிறார்கள். பழிவாங்கத் துடிக்கும் சீடன், கொக்கு அடி என்கிற வித்தையைக் கற்றுக்கொள்ள மலைக்குக் கிளம்புகிறான். குருவின் மகளை ஊருக்கு வெளியே ஒரு மரப்பாலத்தில் நிறுத்தி, நான் திரும்பி வருகிற வரைக்கும் இங்கேயே இரு என்கிறான். மழை பிடித்துக்கொள்கிறது. அவன் போய்விடுகிறான். அவள் நிற்கிறாள். சரியாக நாற்பத்து மூன்றாவது நிமிடம்.

உதயகுமார் ரிமோட்டை எடுப்பதும் அங்கேதான். ஏன்? பிரிண்ட் பார்ப்பவர்களுக்கு மழைதான் பரீட்சை. வெயிலில் எந்தப் பிரிண்டும் யோக்கியமாகத்தான் தெரியும், மழையில்தான் அதன் குட்டு வெளிப்படும் என்பார்கள். முதலில் வீசிடி வந்தது. அதில் மழை கட்டம் கட்டமாகப் பெய்தது. நிறுத்தினார். டிவிடி வந்தது; மழை எது புள்ளி எது என்று தெரியாமல் திரை முழுக்க எறும்பு ஊர்ந்தது. நிறுத்தினார். ப்ளூ-ரே வந்தது, மழை பிரமாதம், ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைத் துடைத்துத் துடைத்து மெழுகு பொம்மையாக்கி வைத்திருந்தார்கள் படுபாவிகள். நிறுத்தினார். இதற்கிடையில் மகள் தேவிப்பிரியா பிறந்து, பள்ளிக்கூடம் முடித்து, கோயம்புத்தூரில் கல்லூரிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாலத்தில் நின்ற பெண் மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே நனைந்துகொண்டிருந்தாள்.

சிரிக்காதீர்கள். யுவராணிக்கு உண்மையாகவே மனசு அடித்துக்கொண்டது. பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் திடீரென்று நினைவு வரும். அந்தப் பயல் திரும்பி வந்தானா? அவளுக்கு யாராவது ஒரு வாய் சோறு போட்டார்களா? கல்யாணமாவது ஆச்சா? புருஷனிடம் கேட்டால், நானே சொல்லிவிட்டால் அப்புறம் பார்ப்பதில் என்ன இருக்கிறது, நல்ல பிரிண்ட் வரட்டும் என்பார். ஒருமுறை மட்டும், ரொம்பக் கெஞ்சியதால், கடைசிச் சண்டை ஒரு படகில் நடக்கும் என்று சொன்னார். படகில் அந்தப் பெண் இருப்பாளா என்று கேட்டதும் பாயை உதறிப் படுக்கப் போய்விட்டார்.

போன மாதம் அது நடந்தது. அம்பத்தூரில் துணி ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் யுவராணியோடு பேக்கிங்கில் இருக்கும் பானுப்பிரியா, ரயிலில் போனை நீட்டி, அக்கா நீ சொல்லுவியே கொக்குப் படம், இதுவா பார் என்றாள். டிவியில் எப்போதோ ஓடியதை யாரோ பதிவு செய்து போட்டது. தமிழில்தான் பேசினார்கள். மேல் மூலையில் சானல் முத்திரை, கீழே தங்கம் விலை ஓடியது, ஓரங்கள் வெட்டுப்பட்டதில் இரண்டு பேர் எதிரெதிரே நின்றால் ஒருவனின் மூக்கு மட்டும் தெரிந்தது. மழை பெய்கிறதா, திரையில் கீறலா என்று சொல்லப் பிரம்மனால்கூட முடியாது. யுவராணி நேராக நாற்பத்து மூன்றாவது நிமிடத்துக்குத் தள்ளினாள். காலையில் பாதி, மாலையில் மீதி. முடியும்போது அழுதாள், சிரித்தாள், இறங்க மறந்து வேப்பம்பட்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாள். வீட்டில் ரயில் லேட் என்று சொன்னாள். புருஷனுக்குத் தெரியாமல் என்னவோ தப்பு செய்துவிட்டவள் போல இரண்டு நாள் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இந்த நிலைமையில்தான் ஜெர்மனியிலிருந்து நண்பர் ஒருவர் மூலமாக 4கே டிஸ்க் வந்து சேர்ந்தது. பழைய நெகட்டிவைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சட்டமாகச் சுத்தம் செய்து போட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. சடங்குகள் தொடங்கின. ஜன்னல்களில் போர்வை தொங்கியது. ஃப்ரிட்ஜ் உறுமும், ஆகவே அணைக்கப்பட்டது. ஃபேன் ஓடினால் போர்வை அசையும், வெளிச்சம் உள்ளே வரும், ஆகவே அதுவும் அணைக்கப்பட்டது. மே மாதம் என்பதை நினைவில் வையுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூடப் படித்த தெருக்காரர் வேம்புலிக்கும் அழைப்பு. அவர் பனியனைப் பிழிந்துகொண்டே, "மச்சான், என்ன படம் பாக்கக் கூப்டியா, வேக வெக்கக் கூப்டியா?" என்றார்.

படத்தில் எல்லோரும் சீன பாஷை பேசினார்கள். அதனால் என்ன? உதயகுமாருக்குத் தமிழ் வசனம் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொருவன் வாயசைக்கும்போதும் அவரே குரல் கொடுத்தார். குருவுக்குக் கரகரப்பு, வில்லனுக்கு இழுவை. நாற்பத்து மூன்றாவது நிமிடம் வந்தது. மழை பிடித்தது. உதயகுமார் திரைக்கு ஒரு சாண் தள்ளி முட்டிபோட்டு உட்கார்ந்தார். துளி துளியாகப் பார்த்தார். கட்டமில்லை, எறும்பில்லை, மெழுகில்லை. அந்தப் பெண்ணின் இமையில் தொங்கும் நீர்கூடத் தெரிந்தது. குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

மனிதர் சந்தோஷத்தில் துள்ளியிருக்க வேண்டாமா? முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ரிமோட்டைத் தேடினார், எடுத்தார், எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் விழித்தார். அதற்குள் நாற்பத்து நான்காவது நிமிடம் பிறந்து, ஒரு கிழவர் வந்து சீன பாஷையில் ஏதோ சொன்னார்.

இவன் என்ன சொல்கிறான் என்று வேம்புலி கேட்டார். அதுவரைக்கும் எல்லோருக்கும் குரல் கொடுத்த உதயகுமார் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். வேம்புலியின் தவிப்பைப் பார்க்கச் சகிக்காமல் யுவராணி வாயை விட்டுவிட்டாள்.

"குரு சாகலியாம். வெசத்த எடுத்துட்டு வேற மருந்த வெச்சதே சமையக்காரருதானாம்."

உதயகுமார் திரும்பினார். "உனக்கு எப்டி தெரியும்?"

மழுப்பியிருக்கலாம். இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தவளுக்கு அதற்குத் தெம்பில்லை. "போன்ல பாத்தேன். ரயில்ல."

அந்த இனத்தின் தீர்ப்பு அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் வேம்புலி புகுந்து, அது கிடக்கட்டும், மாவு மில்லில் நடக்கிற சண்டை எப்போது வரும், பள்ளிக்கூடத்தில் இவன் அதைச் சொல்லித்தானே எங்களைப் பைத்தியமாக அடித்தான் என்றார். மாவு மில்லா, என்னிடம் படகு என்றாரே என்றாள் யுவராணி. இரண்டு பேரும் உதயகுமாரைப் பார்த்தார்கள்.

"படத்துல மில்லும் இல்ல, படகும் இல்ல" என்றாள் அவள். "நீங்க பாத்தீங்களா இல்லியா?"

திரையில் மலை தெரிந்தபடி படம் நின்றது, உதயகுமார்தான் நிறுத்தினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆவடிக் கொட்டகையில் அந்த மழைக் காட்சியில் கரண்ட் போய்விட்டதாம். ஒரு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, நாளைக்கு வா என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். மறுநாள் போனால் படம் மாறிவிட்டது. வகுப்பில் எல்லோரும் க்ளைமாக்ஸ் என்ன என்று மொய்த்துக்கொண்டார்கள். வாயில் வந்ததைச் சொன்னார். அன்றைக்குச் சொன்னது நன்றாக இருந்தது. அடுத்த தடவை சொன்னது இன்னும் நன்றாக இருந்தது.

"மொதல்ல நல்ல பிரிண்ட் வரட்டும்னு நெஜமாத்தான் நெனச்சேன். அப்பால பயமாப் பூட்ச்சு, யுவராணி. முப்பது வருசமா நான் சொல்லிகினு கீற க்ளைமாக்ஸ விட அது சப்பையா இருந்துச்சுனா நான் இன்னா பண்றது?"

யுவராணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டில் எதைக் காட்டுவது என்று தெரியாமல் எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள், போர்வைகளை உருவினாள். மே மாத வெயில் சடாரென்று அறைக்குள் பாய்ந்து திரையை வெளுத்தது. கறுப்பு போகுதே என்று உதயகுமார் வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கி அழுத்தினாள்.

அப்படி என்னதான் நடக்கிறது? சீடன் வித்தை எல்லாம் கற்றுக்கொண்டு, தாடியும் மீசையுமாக மலையிலிருந்து மூச்சிரைக்க ஓடி வருகிறான். பாலத்தில் அவளைக் காணோம். மூன்று நாள் மழையில் நின்று பார்த்தவள், பாலத்தின் கைப்பிடிக் கழியை உருவிக்கொண்டு தானே போய் வில்லனையும் அவன் ஆட்கள் நாற்பது பேரையும் புரட்டி எடுத்துவிட்டாள். சீடன் போய்ச் சேரும்போது வில்லன் வீட்டுக் கூடத்தில் சம்மணம் போட்டுக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். பாவம், கற்றுவந்த கொக்கு அடியை அவன் யாரிடம் காட்டுவான்? ஒரு காலைத் தூக்கியபடி வாசலிலேயே நிற்கிறான். படம் முடிகிறது.

வேம்புலி விரலை வாயில் வைத்து விசிலடித்தார். உதயகுமார் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். பாதித் திரை வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, மீதித் திரையில் ஃபேன் சுற்றுவதுதான் தெரிந்தது, அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை போடு, சேர்ந்து பார்க்கலாம் என்றார்.

"நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டு யுவராணி செருப்பை மாட்டிக்கொண்டாள். "நான் பாத்துட்டேன்."

உங்களுக்கு உதயகுமாரைப் பார்த்துச் சிரிப்பு வந்திருக்கும். வரட்டும், நல்லது. ஆனால் இதைப் படிக்கத் தொடங்கியபோது இந்தத் தாள் கொஞ்சம் பழுப்பு, எழுத்து கொஞ்சம் பொடி, ஞாயிற்றுக்கிழமை நல்ல வெளிச்சத்தில் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை மூடி வைத்தீர்களா? வைத்திருந்தால், உங்கள் வீட்டிலும் யாரோ எதற்கோ ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்கள். இன்றைக்கே கேட்டுவிடுங்கள், ஒருவேளை அவர்கள் காத்திருப்பதை எப்போதோ நிறுத்தியிருக்கலாம்.