நசீராவின் காட்டுமாடு

"லேட்டுக்குக் காரணம் எழுதுங்க" என்று நோட்டை நீட்டினார் வாட்ச்மேன் காளிமுத்து.

நசீராவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையில் மகள் ஆஸியா, இன்னொரு கையில் ஆஸியாவின் இடது கால் ஷூ. பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

உண்மையான காரணத்தை எழுத ஆரம்பித்தால் ஒரு நோட்டு போதாது. ரெண்டாங்கிளாஸ் மகாராணியைக் கம்பளிக்குள்ளிருந்து மூன்று தடவை இழுத்துப் போட வேண்டும். நாலு நாளாகப் பனிமூட்டம், சாக்ஸ் காயவில்லை. காயட்டும் என்று இட்லிச் சட்டி மூடி மேல் போட்டதில் ஒரு சாக்ஸ் கருகிப் போனது. குளிக்கப் போனவள் பக்கெட்டுக்கு முன்னால் உட்கார்ந்து தூங்கினாள். புருஷன் மக்பூல் உதவுவாரா என்றால், கேரட் லோடு ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே மேட்டுப்பாளையத்துக்கு லாரியில் போய்விடுவார்.

ஏற்கெனவே ரெண்டு லேட். மூணாவது விழுந்தால் பிள்ளை முதல் பீரியட் முழுக்க வராண்டாவில் நிற்க வேண்டும், அந்தக் குளிரில். நசீரா பேனாவை வாங்கினாள். 'வழியில் காட்டுமாடு' என்று எழுதினாள்.

காளிமுத்து படித்துவிட்டு உச்சுக் கொட்டினார். "அட கெரகமே! அது நின்னா நாம என்னங்க பண்ண முடியும்? உள்ள போகச் சொல்லுங்க பாப்பாவ."

மலையூரான கட்டபெட்டில் காட்டுமாடு என்று சொன்னால் மறுபேச்சே கிடையாது. அது ரோட்டில் நின்றால் பஸ்ஸே நிற்கும், மனுஷன் எம்மாத்திரம்?

"அம்மா, மாடு எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள் ஆஸியா.

"உன்ற கம்பளிக்குள்ளதான். நட."

ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த ஒரு மாதத்தில் காட்டுமாடு இன்னும் நாலு தடவை வழிமறித்தது. மூன்றாவது தடவை காளிமுத்து, "பெரிய உருப்படிங்களா?" என்று ஆசையாகக் கேட்டபோது, "கெடா மாடுங்க. ஒரு கொம்பு பாதி ஒடஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டாள். அவளாகச் சொல்ல நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

ஐந்தாவது மாட்டன்று ஹெட்மிஸ்ட்ரஸ் மெட்டில்டா டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க நசீரா. அந்த மாட்ட நீங்க நெஜமாலுமே பாத்தீங்களா?"

நசீரா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "பாத்தேனுங்க டீச்சர்."

டீச்சரின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! நம்ம ஸ்கூல் பக்கம் மாடு வருதுன்னு நான் சொன்னா, நம்ம கரஸ்பாண்டென்ட் சிரிக்கிறார். இப்ப சாட்சிக்கு ஆள் வந்தாச்சு பாருங்க."

தப்பித்தோம் என்று நசீரா எழுந்தாள். டீச்சர் விடவில்லை.

"ஆனா, இவ்வளவு ஆபத்தான வழியில சின்னப் புள்ளைய நடத்திக் கூட்டிட்டு வரலாமா? நாளைக்கு ஒண்ணுன்னா யார் பதில் சொல்றது? நம்ம ஹாஸ்டல்ல ஒரு கட்டில் காலியா இருக்கு. அடுத்த மாசத்துல இருந்து விட்டுருங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்து பாத்துக்கலாம். பீஸெல்லாம் நான் பேசிக்கறேன்."

ஆஸியா இன்றைக்கும் அம்மாவின் காது மடலைப் பிடித்தபடிதான் தூங்குவாள். அதை ஹாஸ்டல் கட்டிலில் தனியாகப் போடுவதா? ஒரு வரி எழுதியதற்கு இத்தனை பெரிய தண்டனையா? வழியெல்லாம் நசீரா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் ஒரு யோசனை வந்தது. வந்த மாட்டைப் போகச் சொல்லிவிட்டால் ஆயிற்று.

"அந்த மாடு மலையெறங்கிப் போயிருச்சுங்ண்ணா. இனி பயமில்ல. டீச்சர்கிட்டச் சொல்லிருங்க" என்றாள் காளிமுத்துவிடம்.

"நல்லதாப் போச்சுங்க. அப்ப இன்னிக்கு ஏனுங்க லேட்டு?"

நசீரா நோட்டை வாங்கினாள். வராண்டா கண்முன் வந்தது.

"இது வேற மாடுங்க."

ஒன்று ரெண்டானதும் மெட்டில்டா டீச்சர் வனத்துறைக்கே கடிதம் போட்டுவிட்டார். ஃபாரஸ்ட் கார்டு பாண்டியராஜ் வந்து, நசீரா நடந்து வரும் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குவழியில், ஒரு சில்வர் ஓக் மரத்தில் கேமராவைக் கட்டினார்.

"ஒரு வாரம் இருக்கட்டுங்க. மாடு எத்தன மணிக்கு வருதுன்னு தெரிஞ்சா, அந்த நேரத்துக்கு ஆள் போட்டுத் தொரத்திரலாம். பாப்பாவ ஹாஸ்டல்ல விட வேண்டியதே இல்லீங்க."

நசீராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மாட்டைத் துரத்த வேண்டுமானால் முதலில் மாடு வேண்டுமே! அன்று சாயங்காலம் புருஷனுக்கு போன் போட்டாள்.

"ஏனுங்க, வரும்போது ஒடஞ்ச கேரட் ஒரு மூட்டை கொண்டாங்க."

"எதுக்கு?"

"மாட்டுக்கு."

"நம்மகிட்ட ஏது மாடு?"

"அதுதானுங்க பிரச்சனையே."

மக்பூல் லாரியை ஓரமாக நிறுத்தினார். பிறகு, "மாத்திரை எதாச்சும் வாங்கிட்டு வரட்டுமா?" என்று அன்பாகக் கேட்டார்.

தினமும் காலையில் நசீரா கேமராவுக்கு எதிரே கேரட்டைப் பரப்பினாள். நாலு நாள் பரப்பினாள். மாடு வரவில்லை. மற்ற நாளில் மேலே பஜார் டீக்கடை வாசலிலும் பஸ் ஸ்டாப்பிலும் வந்து நிற்கிற ஜென்மங்கள், வேண்டும் என்றதும் ஒன்றைக்கூடக் காணோம். கேரட் பரப்பிய நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு இன்னும் லேட்டானதுதான் மிச்சம். நோட்டில் ஏழாவது மாடு ஏறியது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஆஸியா அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். பாண்டியராஜ் போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

முதல் படத்தில் நசீரா கேரட் பரப்பிக்கொண்டிருந்தாள். ரெண்டாவதில் ஆஸியா அதைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். மூன்றாவதில் நசீரா, வாயில் ஹேர்பின்னைக் கவ்வியபடி, நடந்துகொண்டே மகளுக்குச் சடை பின்னினாள். நாலாவதில் மகள் வழியில் உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாவதில் ஏழு வயசுப் பிள்ளை அம்மா முதுகில் இருந்தது. பை, தண்ணீர் பாட்டில், ஷூ எல்லாம் அம்மா கழுத்தில் தொங்கின.

"மாடு எங்கப்பா?" என்றார் டீச்சர்.

"வரலீங்க மேடம். இவங்கதான் தெனமும் வந்திருக்காங்க." பாண்டியராஜ் நசீராவைப் பார்த்தார். "காட்டு மிருகத்துக்குத் தீனி வெக்கக்கூடாதுங்க, கேஸாயிரும்."

"வெச்சது மாட்டுக்குத்தாங்க. தின்னது பூரா எம்புள்ளதானுங்க" என்றவள் அதற்கு மேல் தாங்க முடியாமல் உடைந்தாள். "மாடே இல்லீங்க டீச்சர். அத்தனையும் பொய்யி. இவள எழுப்பிக் கெளப்பறதுக்குள்ள என்ற உசுரு போயிப் போயி வருதுங்க. வராண்டால நிக்க வெச்சா சளி புடிச்சுக்குமேன்னுதான் எழுதினேன். எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. புள்ளைய மட்டும் என்கிட்ட இருந்து பிரிக்காதீங்க."

மெட்டில்டா டீச்சரின் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்லவே இல்லையா? ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லீங்க."

பாண்டியராஜ் தலையைச் சொறிந்தார். "எங்க ரெக்கார்டுலயும் ஆறு மாசமா இந்த ஸ்கூல் பக்கம் மாடு வந்ததா இல்லீங்க மேடம்."

டீச்சர் படாரென்று மேஜையைத் தட்டினார். "கவர்ன்மெண்ட் ஆளையே அலைய விட்டிருக்கீங்க! காலையில புள்ளைய எழுப்பத் தெரியாத அம்மாவெல்லாம் ஒரு அம்மாவா? நேரத்துக்கு எந்திரிக்கணும், நேரத்துக்குக் கெளம்பணும், இதுல என்னம்மா கஷ்டம்? இப்பத்தான் இவ கண்டிப்பா ஹாஸ்டல்ல இருக்கணும். திங்கக்கிழமை பெட்டியோட வாங்க!"

ஆஸியா, "அம்மா..." என்று நசீராவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நசீராவும் அழுதாள். பாண்டியராஜ் போனை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"காளிமுத்து!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார் டீச்சர். "லேட்டு நோட்ட எடுங்க. காட்டுமாடுன்னு எழுதியிருக்கறதையெல்லாம் செவப்பு மையில அடிச்சு, பக்கத்துல 'பொய்'னு எழுதி, கரஸ்பாண்டென்ட் டேபிள்ல வெச்சிருங்க. ஒண்ணுகூட விடக்கூடாது!"

வாசலில் நின்ற காளிமுத்து, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"இவங்களது ஏழுதானுங்க டீச்சர். உங்க பையன் எந்திரிக்காத அன்னிக்கெல்லாம் ஸ்டாஃப் லேட்டு நோட்டுல நீங்க எழுதின பதினெட்டு மாட்டையும் அடிச்சரட்டுங்களா?"