ஒரு குறையும் இல்லை என்று சொல்லித் தொலைத்தேன்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். உங்கள் முழங்கால் இப்போது சொன்னபடி கேட்கிறதா என்று அறிய ஆவல்.

சந்தோஷச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருமகளுக்கு அரசாங்க உதவித்தொகை கிடைத்துவிட்டது! இனி அவள் காலேஜில் இயற்பியல் படிக்கலாம். கிடைக்காவிட்டால் துணிக்கடை வேலைக்குப் போகிறேன் என்று அவள் பேசி முடித்து வைத்திருந்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். மழை வந்தால் பெயிண்டர் பிழைப்பு படுத்துவிடும், நான் எங்கே போய்ப் புரட்டுவேன்? இந்த உதவியோ நிஜமாகவே வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானாம், அதை ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பாராம்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. வீடு தேடி வருகிற பெரிய மனுஷரைக் கிழிந்த பாயிலா உட்கார வைப்பது? மாடி வீட்டு நர்ஸம்மாவிடம் சோபாவை இரவல் வாங்கினேன். எதிர்வீட்டு பஸ் டிரைவர், மீசைக்காரர், டிவியைத் தூக்கிக் கொடுத்தார். மூலைக்கடைக்காரர் நின்று சுற்றுகிற ஃபேனைத் தந்தார். முன்சுவருக்கு, பேங்க் கட்டடத்தில் மிஞ்சிய பெயிண்டை இரண்டு கை அடித்தேன். பளபளன்னு ஆயிடுச்சு! மகள் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து திரும்பி வாசலில் நின்றாள். "அப்பா, இது யார் வீடு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் அவள் பின்னாலேயே அதிகாரி வந்துவிட்டார்.

சோபாவில் அமுங்கி உட்கார்ந்து, டிவியைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்ல என்ன கஷ்டம், சொல்லுங்க" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லீங்க" என்றேன். பேனா அப்படியே நின்றது. "ஒரு குறையும் இல்லையா?" "இல்லீங்க, மகராசனா இருக்கோம்." மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "சார், அது பழக்கதோஷம் சார்! சாரத்துல இருந்து விழுந்து கால்ல கட்டுப் போட்டிருந்தப்பவும் கேட்டவங்க கிட்டல்லாம் இதையேதான் சொன்னார்!" எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்தது, மச்சான். உங்கள் தங்கையோ, டீக்குச் சர்க்கரை இல்லை என்று நல்ல சமயம் பார்த்து வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மீசைக்காரர் உள்ளே வந்தார். "அண்ணே, மேட்ச் ஆரம்பிக்குது" என்று டிவியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்து மூலைக்கடைக்காரர், "கடையில வேர்த்து ஊத்துது" என்று ஃபேனைப் பிடுங்கினார். கடைசியில் நர்ஸம்மா. "சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? சோபா எங்களுது." அதிகாரி எழுந்தார். சோபா போன பிறகு, கிழிந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "ஐயா, இருக்கிறதை மறைக்கிறவன் உண்டு, நான் இல்லாததை மறைச்சுட்டேன்! என் பொண்ணு படிக்கணும்யா!" என்று ஒரு பிடி பிடித்தேன். அவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுதேவிட்டார், பாவம். நேற்று உத்தரவு வந்துவிட்டது. எல்லாம் இந்த வாய் சாதித்தது என்று தெருவே பேசிக்கொள்கிறது. மகள் சிரிப்பதைப் பார்க்க நீங்கள் அவசியம் ஒரு நடை வர வேண்டும்.

முழங்காலுக்கும் தங்களுக்கும் என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, நான்தான். கவரை ஒட்டச் சொல்லிக் கொடுத்தார், படிச்சுட்டேன். வீட்ல சர்க்கரை டப்பா நிறைய இருந்துச்சு. நான் வீடு வீடா ஓடி, "உடனே வந்து உங்க சாமானைத் தூக்கிட்டுப் போங்க, சத்தமாக் கேளுங்க"ன்னு சொல்லிட்டு வந்தேன். அந்த அதிகாரி அழவும் இல்ல, சிரிப்பை அடக்க முடியாம முகத்தை மூடிக்கிட்டாரு. அவர் போகும்போது வாசல்ல என்கிட்ட, "அடுத்த வருஷமும் பார்க்க வருவோம்மா, அப்ப பாயையே போடுங்க"ன்னுட்டுப் போனாரு. இதெல்லாம் இவருக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. பொண்ணுக்கு உதவித்தொகையை வாங்கிக் கொடுத்தது தன் பேச்சுதான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுத் தெருவுல நடக்கிறாரு. பார்க்க அவ்வளவு நல்லா இருக்கு, அண்ணா.