நுரை அக்காவும் எங்கள் தெருத் தண்ணீரும்

ஒரு ஊரை எடைபோட மற்றவர்களுக்கு ஆயிரம் விஷயம் தேவைப்படும். எங்கள் எதிர்வீட்டு நுரை அக்காவுக்கு ஒரு துண்டு சோப்பும் ஒரு குழாயும் போதும்.

திருப்பூருக்கு வெளியே, பனியன் கம்பெனிகளும் லைன் வீடுகளும் நெருக்கியடிக்கும் எங்கள் தெருவில் இரண்டு தண்ணீர். வீட்டு ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து உப்பான போர் தண்ணீர் எந்நேரமும் வரும். அதில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்புதான் கரையும், நுரை வராது. ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு பூசிவிட்டுப் போகும். ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீரோ தனக்குத் தோன்றிய நாளில்தான் வரும். அதனால் அக்கா எங்கே போனாலும் கைப்பையில் சோப்பு போகும்.

காங்கேயத்தில் ஒரு கல்யாண விருந்து. "சாப்பாடு எப்படிங்கக்கா?" என்று கேட்டேன்.

"கை கழுவுற தண்ணியே நுரைக்கலீங்க தம்பி. சாம்பாரைப் பத்தி என்னத்தப் பேசறது?" என்றார்.

தன் மகளுக்குச் சேவூரில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது காபி வருவதற்குள் பாத்ரூமுக்குப் போய்விட்டார். முழங்கை வரை நுரையோடு திரும்பி வந்து, "புள்ளையத் தாராளமாக் குடுக்கலாமுங்க" என்றார். பையன் என்ன படித்திருக்கிறான் என்பதை அதற்குப் பிறகுதான் விசாரித்தார்கள்.

போன வருஷம் திடீரென்று நல்ல தண்ணீர் கெட்டது. பருப்பு வேகவில்லை. என் மகளுக்கு வயிற்று வலி. லைன் வீட்டு மாரியம்மாளின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் அரிப்பு. மழையில் ஆறு கலங்கியிருக்கும், சரியாகிவிடும் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டோம். அக்கா மட்டும் நம்பவில்லை. அடுத்த முறை தண்ணீர் வந்த காலையில், சோப்போடு தெருமுனையிலிருந்து வீடு வீடாகக் குழாயைத் திறந்தார்.

முனை வீட்டில் நுரை பொங்கியது. உள்ளே வரவரக் குறைந்தது. எங்கள் வாசலில் நுரை துளியும் இல்லை.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. தப்பு உங்கூட்டுலதானுங்க. உங்க போர் தண்ணி தெருக் குழாய்ல ஏறுது" என்றார், தெருவே கேட்கும்படி.

சங்கரன்கோவில்காரியான என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்மளப் பாத்து இப்படிச் சொல்லுதாவளே" என்று உள்ளே போய்விட்டாள்.

தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வால்வுக்காரர் வந்தார். எங்கள் இணைப்பை அடைத்தார். சோதித்தால், அடுத்த வீட்டுக் குழாயில் அப்போதும் நுரை இல்லை. அக்கா யோசித்தார். அந்த அமைதியில் எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா மெதுவாகத் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்த மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று மாடியில் இருந்த கணவருக்குக் குரல் கொடுத்தார்.

சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் குழாயில் நுரை வந்தது. அக்கா வீட்டில் புதிதாகக் குழாய் வேலை பார்த்த பிளம்பர், போர் குழாயையும் நல்ல தண்ணீர் குழாயையும் ஒன்றாக இணைத்து வைத்திருந்தார். அவர்கள் மோட்டார் போடும்போதெல்லாம் உப்புத் தண்ணீர் தெருவுக்குள் பாய்ந்திருக்கிறது. கை நிறைய நுரையோடு அக்கா முகம் வாடி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

வால்வுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள இருக்கட்டுங்கக்கா. மத்தியானத்துக்குள்ள சத்தமில்லாம மாத்திரலாம்."

"ஊரு வயித்துல உப்பை ஊத்திப்போட்டு, சத்தமில்லாம இருக்கறதுங்களா?"

கிளம்பிவிட்டார். ஒரு வீடு விடாமல் படியேறி, "எங்கூட்டுத் தண்ணிதானுங்க உங்களுக்கு வந்துச்சு. வெச்சிருக்கறதைக் கொட்டீருங்க" என்று சொன்னார். மாரியம்மாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கும்வரை திட்டித் தீர்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு கேட்ட அக்கா, கடைசியில், "இன்னும் இருந்தாச் சொல்லீரு கண்ணு. அப்பறம் புள்ளையத் தூக்கிட்டு வா, டாக்டர்கிட்டப் போலாம்" என்றார். மாரியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றைக்கே வாசலைத் தோண்டிக் குழாயைப் பிரித்தார்கள். நல்ல தண்ணீர் மறுபடி வரும்வரை எல்லா வீட்டுக்கும் அக்கா கணக்கில் கேன் தண்ணீர் இறங்கியது.

எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தார். "உங்களைப் போயி நாலு பேரு முன்னால சொல்லிப்போட்டனுங்க அம்மிணி." என் மனைவி காலையிலிருந்து ஒரு பெரிய பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். எனக்கு நன்றாகத் தெரியும்; ஒத்திகையைக் கேட்டவனே நான்தான். ஆனால் வாயைத் திறந்தபோது, "உள்ள வாங்கக்கா, காப்பி போடுதேன்" என்றுதான் வந்தது.

இப்போது என் கம்பெனிக்குப் பக்கத்திலேயே நல்ல அபார்ட்மென்ட் ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது. போய்விடலாமா என்று மனைவியிடம் கேட்டேன்.

"லிப்டு இருக்கு, பார்க்கிங் இருக்கு, எல்லாம் சரி" என்றாள். "அங்க நம்ம அக்கா இருக்காவளா?"