சாட்சி சொல்ல வந்த பிராய்லர் கோழி

நியாயம் கேட்கப் போகிறவர்கள் சாட்சியை வீட்டில் வைத்துத் தீனி போடக் கூடாது. இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

அப்போது மதுரை கே.கே. நகரில் குடியிருந்தோம். நான் தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். திருமங்கலம் பக்கம் என் சித்தப்பா ஒருவர் பிராய்லர் பண்ணை வைத்திருந்தார். ஒரு விசேஷத்துக்குப் போனபோது கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். ஈர உமியில், ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் கோழிகள் உட்கார்ந்திருந்தன. சித்தப்பாவைக் கேட்டேன்.

"நான் என்னத்தா செய்ய? கடைக்காரங்க குடுக்குற விலைக்கு இப்படி அடைச்சு வளர்த்தாத்தான் கட்டுப்படியாகுது" என்றார்.

சரி, கடைக்காரர்களையே கேட்போம் என்று கிளம்பினேன். (அந்த வயதில் கிளம்புவது சுலபமாக இருந்தது.)

நானும் தோழிகள் சிலருமாக, ஊரில் பல கிளைகள் வைத்திருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டைப் பிடித்துக்கொண்டோம். நெருக்கியடிக்காமல் வளர்க்கும் பண்ணைகளில் மட்டும் கோழி வாங்குங்கள், உமியைக் காய்ந்ததாகப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான் கோரிக்கை. வாசலில் நின்று கையெழுத்து வாங்கினோம். வெயில் தாங்காமல் உள்ளே ஒதுங்கி, சும்மா நிற்கக் கூச்சப்பட்டு எதையாவது வாங்கி வந்ததில் அவர்கள் வியாபாரம்தான் பெருகியது. கூட இருந்த தோழிகளில் ஒருத்திக்கு மாற்றல் வந்தது, ஒருத்தியின் மகன் பத்தாம் வகுப்புக்கு வந்தான். கடைசியில் நான் ஒருத்தி மிஞ்சினேன். என்னை ஒழித்துக்கட்டவோ என்னவோ, மேனேஜர் நேரில் பேச நாள் கொடுத்தார்.

வாயால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது மேல் என்று தோன்றியது. சித்தப்பாவிடம் எழுந்து நிற்க முடியாத ஒரு கோழியைக் கேட்டு வாங்கி வந்தேன். மறுநாளே சந்திப்பு தள்ளிப்போனது. பிறகு இன்னொரு முறை, பிறகு மறுபடியும். கோழி மொட்டைமாடியில் கிடந்தது. பரீட்சைத் தாள் திருத்தும் சமயம், நான் மாடிப்பக்கமே போகவில்லை. என் கணவர் முருகேசன்தான் பார்த்துக்கொண்டார். ஒருவழியாக நாள் உறுதியானதும் அவரே அதை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

மேனேஜர் நல்ல மனிதர். கடைக்குள்ளேயே இருந்த தன் அறைக்கு டீ வரவழைத்தார்.

"மேடம் சைவமா?"

"இல்ல சார், சாப்பிடுவோம். அதுவரைக்கும் அது ஒழுங்கா நடந்து திரியட்டும்னுதான் கேக்குறோம். நீங்க விக்கிற கோழியால ரெண்டு எட்டு வைக்க முடியாது. பாருங்க."

பெட்டியைத் திறந்து கோழியைத் தரையில் விட்டேன்.

அது எழுந்தது. இறக்கையை உதறியது. ஏசி குளிரில் கழுத்தை நீட்டி ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, கல்யாண வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி நிதானமாக நடந்து கதவுக்கு வெளியே போனது.

"நல்லாத்தான நடக்குது, மேடம்" என்றார் மேனேஜர்.

நான் கோழியின் பின்னால் ஓடினேன். பிஸ்கட் பக்கம் போய், சோப்புப் பக்கம் திரும்பி, கடைசியில் கறி விற்கும் கவுண்டர் முன்னால் போய் நின்றது. நான் பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, "பா... பா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இருவர் தங்கள் அம்மாவோடு அங்கே நின்றார்கள். அந்த அம்மா எனக்கு வணக்கம் வைத்தார். நானும் மண்டி போட்டபடியே வைத்தேன்.

வரிசையில் நின்ற இன்னொரு பெண் கவுண்டரில், "அண்ணே, எனக்கு இந்த உசுரோட நிக்கிறதையே போட்டுருங்க" என்றார்.

"அது மேடத்தோட கோழிங்க" என்றார் பின்னாலேயே வந்த மேனேஜர்.

டவுன் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்தேன். முருகேசனிடம் கேட்டேன்.

"ஏங்க, இதை என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. நீதான கோழிக்கு எடம் வேணும், காஞ்ச உமி வேணும்னு வருசம் பூரா சொல்லிக்கிட்டு இருந்த. மாடி பூரா உமி பரப்பித் திரிய விட்டேன். அம்புட்டுத்தான்."

நான் மேனேஜரிடம் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான். இடம் கொடுத்தால் நடக்கும் என்பதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அடுத்த வாரம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. ஆனாலும் கேட்டுக்கொண்டார். அதன்பிறகும் பல மாதங்கள் நடையாய் நடந்தேன். கடைசியில், ஈர உமியில் கிடந்து புண்ணான கோழிகளை வாங்குவதில்லை என்று பண்ணைகளுக்குச் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா முனகிக்கொண்டே உமி மாற்ற ஆரம்பித்தார். இடம் பற்றிய கோரிக்கை இன்றுவரை பரிசீலனையில் இருக்கிறது. நானும் இன்றுவரை போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

அந்தக் கோழி மாடியிலேயே சில மாதம் இருந்து, உடம்பு கனத்து, ஒரு மதியம் தானாகவே போய்ச் சேர்ந்தது. குழம்பு வைக்கலாமா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இப்போது என் மகள் எட்டாவது படிக்கிறாள். கணக்குப் பரீட்சை அன்று காலையில் அவளுக்குக் கட்டாயம் வயிறு வலிக்கும், எந்திரிக்கவே முடியாது. முருகேசன் பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொல்வார்: "அந்த சூப்பர் மார்க்கெட்ல கொண்டுபோய் இறக்கிவிடு. பிஸ்கட் பக்கம் தானா நடந்து போகும்."

அவள் முறைத்துக்கொண்டே எழுந்து பல் விளக்கப் போவாள்.