பாலம் கட்டப் போன ஆசிரியர்கள்

எங்கள் தீவின் நுனியில், இராமர் கட்டியதாகச் சொல்லப்படும் பாலம் மணல்திட்டுகளாகக் கடலுக்குள் கிடக்கிறது. அதைக் கட்டக் குரங்குகள் தேவைப்பட்டன. எங்கள் பாடசாலை அதிபர் செல்வநாயகம் கட்டிய பாலத்துக்கோ ஆசிரியர்களாகிய நாங்களே போதுமாயிருந்தோம்.

மாணவரின் குடும்பத்தோடும் கலாசாரத்தோடும் 'இணையுமாறு' கொழும்புக் கருத்தரங்கு ஒன்றில் அவருக்குச் சொல்லியனுப்பினார்கள். தீவுக்கு வெளியே முருங்கனிலிருந்து பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போகிறவர் அவர். பின்னேரம் இணைந்தால் பஸ் தவறிவிடும். ஆகவே பாடசாலை நேரத்திலேயே இணைவதென ஏகமனதாகத் தீர்மானித்தோம். கடற்றொழிலாளி யாகப்பரின் வீடு தெரிவானது. அவர் மனைவி எடித்தின் நண்டுக்கறி ஊரறிந்தது.

வியாழன் காலை வஸீரின் ஓட்டோவில் ஆசிரியர் அத்தனை பேரும் ஏறினோம். எந்தக் கூட்டத்திலும் காணாத நெருக்கம் அது. அதிபர் 'கலாசார உடை' தரித்திருந்தார்: மடித்துக் கட்டிய சாரம், தலையில் துவாய். யாகப்பரோ ஆசிரியர்கள் வருகிறார்களென்று தன் கல்யாணக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு நின்றார். அதிபரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீன் முடிஞ்சுது. நாளைக்கு வாங்கோ."

"நான் அதிபர்."

"குறை நினைக்காதேங்கோ சேர். வாங்கோ, இருங்கோ."

கதிரைகள் வந்தன. எடித் கதவோரம் நின்று தொடங்கினார். "சேர், மூத்தவளுக்கு இந்தமுறை ஓ.எல். சோதினை. கணக்குத்தான் விளங்கேல்லையெண்டு..."

"கணக்கு பிறகு பாப்பம், அக்கா. முதல் கலாசாரம்."

அதிபர் அம்பாப் பாட்டுக் கேட்டார்.

"அது வலை இழுக்கேக்கை பாடுறது சேர்," என்றார் யாகப்பர். "கதிரையில இருந்தா வராது."

"அப்ப இழுப்பம்."

வலை கடற்கரையில் கிடந்தது. வெயிலும் அங்கேதான் கிடந்தது. ஆகவே வலைக்குப் பதிலாக ஓட்டோவில் கயிற்றைக் கட்டி, வேப்பமர நிழலில் நின்று இழுத்தோம். யாகப்பர் பாடினார். நாங்கள் "ஏலேலோ" என்று ஏற்றுப் பாடினோம். கலாசாரம் மெல்ல உருண்டு வந்தது. உள்ளே நித்திரையாயிருந்த வஸீர் தலையை நீட்டினார்.

"சேர், பெற்றோல் இருக்கு."

பிறகு நண்டுக்கறி வந்தது. குடும்பத்தோடு முழங்கைவரை இணைந்தோம். அடுப்படியிலிருந்து சட்டியோடு ஒரு பெண்பிள்ளை வந்தாள். புகையில் கண் சிவந்திருந்தது.

"அன்ரோனெற், சேருக்கு இன்னும் போடு," என்றார் எடித்.

அதிபர் கனிவோடு கேட்டார்: "ஏன் பிள்ளை, இண்டைக்குப் பள்ளிக்கூடம் போகேல்லையோ?"

"போனனான் சேர். ஒரு வாத்தியாரும் இல்லை. திரும்பி வந்திட்டன்."

அதிபரின் கையில் நண்டுக்கால் அப்படியே நின்றது. இந்நாட்டுக் கல்வியின் வீழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது.

"இப்பிடியும் ஒரு பள்ளிக்கூடமோ? ஆர் அங்க அதிபர்?"

அன்ரோனெற் சட்டியை மெதுவாக இறக்கி வைத்தாள்.

"நீங்கள்தான் சேர். எங்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிறதும் நீங்கள்தான்."