கிளட்ச் எண்ணெயும் துப்பட்டாவும்

பொய் சொல்லிப் பழகாதவர்கள் பொய் சொல்லவே கூடாது. பழகியவர்கள் அளவாகச் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். என்னைப் போன்றவர்கள்தான் ஒரு வரியில் முடிய வேண்டிய பொய்க்குக் கிளை திறந்து, போர்டு மாட்டி, ரிப்பன் வெட்டிவிட்டு வருவோம்.

நான் குகனைக் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்து, பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அவன் வீட்டுக்கு முதன்முதலாகப் போன நாள் அது. அவர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகம். குகனின் அப்பா நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்து ரிட்டயர் ஆனவர். எங்கள் வீடு கிள்ளானில். என் அப்பா தெலுக் பங்லிமா காராங்கில் லோரி பட்டறை வைத்திருக்கிறார். அவர் கையைக் குலுக்கினால் உங்கள் கையிலும் கொஞ்சம் கிரீஸ் வரும். இரண்டு வீட்டாரும் இன்னும் சந்திக்கவில்லை. அந்தச் சந்திப்பு நடக்குமா என்பதே அன்றைக்கு என்னைப் பார்த்த பிறகுதான் முடிவாகும் என்று எனக்கு ஒரு பயம். (குகன் ‘அப்படியெல்லாம் இல்லலா’ என்று எங்கள் ஊர் ‘லா’வோடு ஆறு முறை சொன்னான். ஆறு முறை சொன்னதால்தான் பயமே வந்தது.)

அவன் அம்மா நன்றாகப் பேசினார். அப்பா பேசவே இல்லை. “வாங்கோ பிள்ளை” என்றார், உட்கார்ந்தார், ஃபேனைப் பார்த்தார். பத்து நிமிடம் போனது. நான் தவித்துப்போய் ஜன்னல் வழியாகப் போர்ச்சைப் பார்த்தேன். அங்கே ஒரு கார் நின்றது. கரும்பச்சை நிறம், இரண்டே சீட்டு, கம்பிச் சக்கரம், குட்டையாகத் தரையோடு படுத்திருந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். கீழே எண்ணெய் சொட்டுவதற்கு ஒரு கேக் தட்டு வைத்திருந்தார்கள்.

“கார் ரொம்ப அழகா இருக்கு அங்கிள்,” என்றேன். பேச்சை அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர் தலை திரும்பியது. “உங்களுக்குக் காரெண்டால் விருப்பமோ?”

“அப்பா பட்டறைலதானே வளர்ந்தேன். சின்ன வயசுலேர்ந்து ஸ்பேனர் பிடிச்ச கை அங்கிள் இது.”

அந்தக் கை பட்டறையில் பிடித்தது டிவி ரிமோட்டும் மைலோ பாக்கெட்டும்தான். ஆனால் அந்த மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மகன்கள் இருந்தும் ஒருவனும் அந்தக் காரைத் தொட்டதில்லையாம். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கிளட்ச் இறங்கிப் போவதைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். உள்ளே காற்றுப் புகுந்திருக்கிறதாம், அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டுமாம்.

“வாற ஞாயிறு வாறியளோ? நாங்கள் ரெண்டு பேரும் செய்வம்.”

“கண்டிப்பா அங்கிள்,” என்றது என் வாய்.

வீட்டுக்குத் திரும்பும்போது குகன் கேட்டான்: “நீ ஸ்பேனர் பிடிப்பியா? எனக்கே தெரியாதேலா!” அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அவனிடமும் உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

அந்த ஒரு வாரம் நான் சாப்பிட்டது கொஞ்சம், பார்த்த வீடியோ அதிகம். வெள்ளைக்காரத் தாத்தாக்கள் கார் அடியில் படுத்துக்கொண்டு பேசினார்கள். ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாருமே கடைசியில் பெருமூச்சு விட்டார்கள். அது மட்டும் புரிந்தது. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏன் என்று கேட்பார். சொன்னால் பட்டறையில் இருக்கும் ஐந்து பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் ஸ்பேனர் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, நகக்கண்ணில் கொஞ்சம் கிரீஸ் தடவிக்கொண்டு (ஆமாம், வேண்டுமென்றேதான்) போனேன். ஆனால் உடுத்தியிருந்தது பஞ்சாபி சூட். வரப்போகும் மாமியார் வீட்டுக்கு பேன்ட் போட்டுப் போகாதே என்று அம்மா சொல்லியிருந்தார். மெக்கானிக்காகவும் மருமகளாகவும் ஒரே உடுப்பில் தெரிய வேண்டியிருந்தது. ரோஜா நிறத் துப்பட்டா, ஓரமெல்லாம் பூ வேலை.

அங்கிள் என் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு ஸ்பேனரை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

“பிள்ளை, இதெல்லாம் மில்லிமீட்டர். இது இஞ்சுக் கணக்குக் கார்.”

“தெரியும் அங்கிள். சும்மா… ஸ்பேருக்குக் கொண்டு வந்தேன்.”

அவர் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை. தன் பெட்டியைக் கொண்டுவந்து, பழைய பாயை விரித்து, காரின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நான் டிரைவர் சீட்டில். அவர் “அமத்துங்கோ” என்றால் கிளட்ச் பெடலை மிதிக்க வேண்டும், “விடுங்கோ” என்றால் விட வேண்டும். இதற்கு அனுபவம் எதுவும் வேண்டாம். ஒரு கால் போதும். மிதித்தேன், விட்டேன். பத்து முறை சரியாகச் செய்ததும் எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

“இனி ஒயில் குறைஞ்சிருக்கும். முன்னுக்கு அந்தச் சின்ன டப்பாவில ஊத்திவிடுங்கோ,” என்றார் அடியிலிருந்து.

இறங்கி முன்னால் போனேன். பானட் திறந்திருந்தது. டப்பாவின் மூடி இறுக்கமாக இருந்தது. இரண்டு கையாலும் திருகுவதற்காக, திறந்திருந்த எண்ணெய் போத்தலை மட்கார்டின் மேல் வைத்தேன். அந்த மட்கார்டு இருக்கிறதே, அதில் தட்டையான இடம் என்று ஒன்று கிடையாது. போத்தல் மெதுவாக, மரியாதையாக, சாய்ந்தது.

பாதி எண்ணெய் பச்சைப் பெயிண்டின் மேல் ஓடியது. சத்தம் வராமல் துப்பட்டாவால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. பார்க்க சமையல் எண்ணெய் மாதிரிதான் இருந்தது. பளபளப்பாகக்கூட இருந்தது. ‘பரவாயில்லை, பாலிஷ் போட்ட மாதிரி’ என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பாய் உரசும் சத்தம். அங்கிள் வெளியே வருகிறார். என்ன செய்வது என்று தெரியாமல் நனைந்த துப்பட்டாவை அந்த மட்கார்டின் மேலேயே விரித்துவிட்டேன்.

எழுந்து வந்தவர் அதைப் பார்த்து நின்றார்.

“அட! பெயிண்ட் பழுதாகாமல் உங்கட துணியைப் போட்டனீங்களோ? கெட்டிக்காரி. என்ட மகன்மாருக்கு இந்த யோசனை வராது.”

நான் சிரித்தேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். இடியப்பம், சொதி, நண்டுக் குழம்பு. அங்கிள், ஒரு மாதத்துக்குப் பேச வேண்டியதை அன்றைக்கே பேசினார். “பிள்ளைக்கு நல்ல கை. கிளட்ச் இப்ப கல்லு மாதிரி நிக்குது,” என்று ஆன்டியிடம் சொன்னார். நான் மேசைக்கடியில் இடது கையால் போனில் தேடினேன்: கிளட்ச் எண்ணெய் பெயிண்டில் பட்டால் என்ன ஆகும்? பதில் உடனே வந்தது. பெயிண்டைத் தின்றுவிடும். துடைக்கக் கூடாது, உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். எண்ணெய் நனைந்த துணியை மேலே போட்டு வைக்கலாமா என்று எங்கேயும் எழுதவில்லை. அப்படி ஒரு ஆள் இருப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

மேசையில் இருந்த தண்ணீர் ஜக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“எங்க போறியள்?” என்றார் ஆன்டி.

“வாசல்ல செடி வாடியிருந்துச்சு ஆன்டி. கொஞ்சம் தண்ணி ஊத்தலாம்னு.”

“அது பிளாஸ்டிக் செடியெல்லோ?”

உட்கார்ந்தேன். குகனின் காலை மிதித்து, போனைக் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தான். இவ்வளவு வெளுத்த ஒரு முகத்தை நான் இரத்த தான முகாமில்கூடப் பார்த்ததில்லை.

“அந்தப் பெயிண்ட்டு அப்பாவே அடிச்சதுலா,” என்றான் உதடு அசையாமல். “ரிட்டயர் ஆனதும் ஒன்பது மாசம். தேய்ச்சுத் தேய்ச்சு.”

அதற்குள் அங்கிள் கை கழுவிவிட்டுப் போர்ச்சுக்குப் போய்விட்டார். பின்னால் ஓடினோம். அவர் துப்பட்டாவின் நுனியைப் பிடித்து, பூவை எடுப்பதுபோல மெதுவாகத் தூக்கினார். துப்பட்டாவோடு பெயிண்டும் வந்தது. காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி சுருங்கிச் சுருங்கி வந்தது. வராமல் மிஞ்சிய இடத்தில் என் பூ வேலை, இதழ் இதழாக, அச்சுப் பிசகாமல் பதிந்திருந்தது.

தெருக்கோடியில் மோனோரயில் ஒன்று போனது. இன்னொன்றும் போனது.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், ஸ்பேனர், ரிமோட், மைலோ, நகக்கண் கிரீஸ் உட்பட. (அதை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னேன்.) அங்கிள் கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு, “வாற ஞாயிறு உங்கட அப்பாவை ஒருக்கா வரச் சொல்லுங்கோ,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு பெண்ணின் அப்பாவை எதற்கு வரச் சொல்வார்கள்? பேசி முடிக்க, இல்லை முறித்துவிட. அந்த வாரம் எனக்கு இரண்டாவது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. அப்பாவிடம் ‘உங்களைப் பார்க்கணுமாம்’ என்று மட்டும் சொன்னேன். அவர் சந்தோஷமாக முடி வெட்டிக்கொண்டு, நகத்தை பிரஷ் போட்டுத் தேய்த்து, ஒரு பெரிய பழக்கூடையும் வாங்கிக்கொண்டார். காரில் அந்தக் கூடையை மடியில் வைத்திருந்த எனக்கு, பாதி வழியில் தாங்க முடியவில்லை. கொட்டிவிட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்து ஓட்டினார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“என்ன பெயிண்டு?” என்றார். “அந்தக் காலத்துதா, இப்ப உள்ளதா?”

பிரிக்ஃபீல்ட்ஸில் ஆன்டி ஹாலை ஒழுங்குபடுத்தி, பலகாரமெல்லாம் வைத்திருந்தார். வணக்கம் சொன்னார்கள். பழக்கூடை கை மாறியது. அங்கிள், “வாங்கோ, முதல்ல ஒண்டு காட்டோணும்,” என்று அப்பாவை நேராகப் போர்ச்சுக்குக் கூட்டிப்போனார். நான் கதவு மறைவில் நின்றேன்.

அப்பா குந்தி உட்கார்ந்தார். உரிந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு உரியாத பக்கத்துக்கு நகர்ந்து அதையும் தடவினார். கன்னத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார்.

“சார், இத யாரு அடிச்சது?”

“நான்தான்.”

“நீங்களா? கையாலயா?” அப்பா எழுந்துகொண்டார். “முப்பது வருசமா பெயிண்டு பார்க்கிறேன் சார். ஒரு அலை இல்ல, ஒரு தூசி இல்ல. என் ஆளுங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும் இத.”

அங்கிளின் வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. ஒன்பது மாத உழைப்புக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே விமர்சனம், ‘போர்ச் முழுக்க தூசி’ என்பதுதான் என்று பிற்பாடு குகன் சொன்னான். அடுத்த மூன்று மணி நேரம் அவர்கள் உள்ளே வரவில்லை. காரைச் சுற்றி வந்தார்கள். அடியில் படுத்தார்கள். அப்பா கல்யாணங்களுக்கு மட்டும் போடும் சட்டையின் முதுகில் எண்ணெய். நானும் குகனும் பலகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் ஆன்டி பொறுமை இழந்து வாசலுக்கு வந்தார்.

“கலியாண விஷயம் கதைக்க வந்தனீங்களோ, பெயிண்ட் விஷயம் கதைக்க வந்தனீங்களோ?”

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எதற்காகக் கூடினோம் என்பதே மறந்திருந்தது.

“பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருந்தா நமக்கென்ன சார்,” என்றார் அப்பா.

“ஓம் ஓம். செய்வம்,” என்றார் அங்கிள். “முதல்ல பெயிண்ட் காயட்டும்.”

அந்த மட்கார்டை அப்பாவின் பட்டறையில், இரண்டு எண்ணெய் டேங்கர் லோரிகளுக்கு நடுவில் நிறுத்தி அடித்தார்கள். அங்கிள் தினமும் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்து பக்கத்தில் நின்றார். எத்தனை நிறம் கலந்தும் பழைய பச்சை வரவில்லை. வெயிலில் நிறுத்தினால் அந்த ஒரு மட்கார்டு மட்டும் லோரிப் பச்சை. எங்கள் கல்யாண ஆல்பத்தில் கார் வரும் எல்லாப் படத்திலும் வித்தியாசம் தெரியும். ஆன்டி படத்தில் அந்த மட்கார்டை மட்டும் விருந்தாளிகளுக்கு விரலால் தொட்டுக் காட்டுவார்.

கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட அங்கிளுக்குப் பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் நிறைய. ஒருவரையும் விடாமல் அறிமுகம் செய்துவைக்கிறார்: “இது என்ட மருமகள். பழைய பெயிண்ட் உரிக்கிறதில ஸ்பெஷலிஸ்ட். மெஷின் ஒண்டும் தேவையில்லை.” போன மாதம் செராஸிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். தன் காரின் கதவு ஒன்றை உரிக்க வேண்டும், எப்போது வர முடியும் என்று மிகவும் பணிவாகக் கேட்டார். நான் பதில் சொல்லத் திணறிக்கொண்டிருந்தபோது, அவருக்குப் பின்னால் இரண்டு பேர் அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒருவர் மாமா. இன்னொருவர் என்னைப் பெற்ற அப்பா.