வெயிட்டேஜ் அண்ணன் வகுக்க மாட்டார்

'ஆமாம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களின் உதவி இல்லாமலே முப்பத்தைந்து வயது வரை வாழ்ந்துவிட்ட ஒரே மனிதர் எங்கள் வெயிட்டேஜ் அண்ணன்தான். சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூட, "சாப்பிட்டதுக்கு எட்டு, சாப்பிடாததுக்கு ஒண்ணு" என்பார். உங்கள் வயிறு உங்களிடம்தானே இருக்கிறது, அதில் என்ன சந்தேகம் என்று கேட்டுவிடக் கூடாது. "தின்னது சாப்பாடா டிபனான்னு ஒரு தர்க்கம் உண்டு, கேட்டியா?" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த விளக்கம் முடியும்போது எனக்குப் பசிக்கிறதா, தலை வலிக்கிறதா என்று எனக்கே புரியாது.

திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்தில், ஒரு வீட்டு மாடியில் நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார மாமி. நான் தென்காசிக்காரன். மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலை. அண்ணன் நாகர்கோவில். கம்ப்யூட்டர் கம்பெனி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். கூரியர் பையன்கள்கூட அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவருடைய வேலையே இந்தச் சீக்குக்குக் காரணம். ஒரு வாக்கியத்தை நாம் பாதியில் நிறுத்தினால் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கிற இயந்திரம் ஒன்றை அவர்கள் கம்பெனியில் பழக்கிக்கொண்டிருந்தார்கள். 'காலையில் நான் குடித்தது' என்று நிறுத்தினால் அது காப்பிக்கு ஒரு எண், டீக்கு ஒரு எண், மண்ணெண்ணெய்க்குக்கூட ஒரு சின்ன எண் போடும். இந்த எண்களுக்கு வெயிட்டேஜ் என்று பெயர். ஐந்தும் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் வர வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது.

"அப்போ எல்லாம் சேர்த்து நூறு வராதா அண்ணா?" என்று நான் வந்த புதிதில் கேட்டேன்.

"எதுக்கு வரணும்?"

"சதவீதம்னா நூறு வரணுமே."

"நான் எப்ப மக்கா சதவீதம்னு சொன்னேன்? எல்லாத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால ஒவ்வொண்ணையும் வகுத்தா சதவீதம் வந்துரும். அது அடுத்த டீமு. நாங்க வகுக்கிறதில்ல."

சுத்த சைவக்காரர்கள் "நாங்க மீன் தொடறதில்ல" என்று சொல்வார்களே, அந்தத் தோரணையில் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். அந்த வீட்டில் நான் செய்த முதல் தப்பு அது. தலையாட்டுகிறவனைக் கண்டால் அண்ணன் லேசில் விடமாட்டார்.

மாமிக்கும் புரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, "ஏன்டாப்பா, நாளைக்கு மழை வருமோ? வடாம் இடலாம்னு பாக்கறேன்" என்று கேட்டார்.

"மழைக்கு ஏழு, மாமி."

டிவிக்காரர்கள் சதவீதத்தில் சொல்லிச் சொல்லிப் பழகின காது மாமிக்கு. "ஏழா? ஏழெல்லாம் ஒரு மழையா!" என்று சந்தோஷமாகப் போய் அரிசியை ஊறப் போட்டார். மறுநாள் மொட்டை மாடி முழுக்க வேட்டி விரித்து வடாம் இட்டு, மாமி இடுப்பை நிமிர்த்துவதற்குள் வானம் பொத்துக்கொண்டது. வடாம் கூழாகி, குழாய் வழியே இறங்கித் தெருவில் ஓடியது.

"நூத்துக்கு ஏழுன்னா பெய்யாதுன்னுதானேடா அர்த்தம்? கஷ்டம், கஷ்டம்!"

"நூத்துக்குன்னு நான் எங்க மாமி சொன்னேன்? வெயிலுக்கு எத்தனைன்னு நீங்க கேக்கவேயில்லையே. வெயிலுக்கு ரெண்டுதான் போட்டிருந்தேன்."

மாமி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அண்ணனுக்கோ தாம் செய்த பிழை என்னவென்றே விளங்கவில்லை. ஏழு ரெண்டைவிடப் பெரிசுதானே, அது மாமிக்குத் தெரியாதா என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

பழவங்காடி கணபதி கோயில் வாசலில் நடந்தது இன்னும் மோசம். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், தமிழ் முகமாகத் தெரிகிறதே என்று இவரைப் பிடித்து, பத்மநாபசுவாமி கோயிலுக்கு வழி கேட்டது. அண்ணனுக்கும் அப்போது ஊர் புதிது. "வலது பக்கத்துக்கு ஆறு, இடது பக்கத்துக்கு நாலு" என்றார். அவர்கள் வலது பக்கம் ஆறு தெரு, அப்புறம் இடது பக்கம் நாலு தெரு என்று எடுத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு நடந்து, கடைசியில் ஒரு மீன் சந்தைக்குள் போய் நின்றார்களாம். அந்தக் குடும்பத் தலைவர் திரும்பி வந்து அண்ணனின் சட்டையைப் பிடித்ததை நானே பார்த்தேன்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் என் வாழ்க்கையின் மிகப் பெரிய கேள்வியைக் கேட்டேன் என்றால் என்னை என்ன சொல்வது?

என் அலுவலகத்தில் சுபா என்று ஒரு பெண். கரமனைக்காரி. தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற தமிழ்க் குடும்பம். பேச்சில் மலையாளம் கலந்து வரும்; அப்பாவை அச்சன் என்பாள், நினைத்தேன் என்பதை விசாரிச்சேன் என்பாள். சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக மென்று முழுங்கிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவளே வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொன்னாள். அவ்வளவுதான், எனக்கு மிச்சம் எட்டே நாள். மாமியிடம் யோசனை கேட்டால் அன்று சாயங்காலமே கோட்டை வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். வேறு வழி இல்லை, அண்ணன்தான்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் கண்ணை மூடினார்.

"சரின்னு சொல்லதுக்கு பன்னிரண்டு. மாட்டேன்னு சொல்லதுக்கு மூணு."

நான் உஷாரானவன். மாமி மாதிரி ஏமாற மாட்டேன். போனை எடுத்தேன், கூட்டினேன், பதினைந்து. வகுத்தேன். எண்பது சதவீதம்! அன்றைக்கு இரண்டு பொரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார். "எடே, யோசிச்சுச் சொல்லேன்னு சொல்லலாம்லா? அதுக்கு அஞ்சு." கூட்டி வகுத்தேன். அறுபதாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை, "ஒண்ணும் சொல்லாம சிரிச்சிட்டுப் போறதுக்கு நாலு" என்றார். ஐம்பது. புதன்கிழமை, "வீட்டுல கேளுங்கன்னு சொல்லதுக்கு ஆறு." நாற்பது. வியாழக்கிழமை குளியலறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "நீ பேச வாயைத் திறக்கும்போது பஸ்ஸு வந்து அவ ஏறிப் போயிருகதுக்கு பத்து!" முப்பது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. சுபா என்னிடம் முன்பு எப்படிப் பேசினாளோ அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். ஆனால் என் போனில் மட்டும் அவள் தினமும் என்னைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அண்ணன், "கேக்கக்கூடிய நேரத்துல மழை பிடிச்சுக்கிட்டா? அதுக்கு எட்டு" என்றதும் இருபத்தைந்தாகிவிட்டது. போனைக் கட்டிலில் வீசினேன்.

"போதும் அண்ணா! நான் கேக்கவே போறதில்ல. பாலக்காட்டுக்காரனே கட்டிக்கட்டும்."

அண்ணன் என்னைக் குழப்பத்தோடு பார்த்தார். "ஏம்டே? நல்லாத்தானே இருந்துது?"

"எண்பது இருபத்தஞ்சு ஆயிடுச்சு. நல்லா இருந்துதாம்!"

"எது ஆச்சு? பன்னிரண்டு பன்னிரண்டாத்தானே கெடக்கு? நான் அதைத் தொடவேயில்லையே."

"வகுத்துப் பாத்தா குறையுதே!"

"புதுசா ஒண்ணு வந்து உக்காந்தா எல்லாருக்கும்தான் எடம் குறையும். பஸ்ல மூணு பேர் சீட்டுல நாலாவது ஆளு உக்காந்தா நீ மெலிஞ்சா போற? சரி, மாட்டேங்கிறதையும் வகுத்தியா?"

நான் வகுக்கவில்லை. ஐந்து நாளாக அதை எட்டியே பார்க்கவில்லை. அவர் போனை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம் கையால் வகுத்தார். முகம் பாகற்காய் கடித்தது போல ஆகிவிட்டது.

"இருபதுல இருந்துது, இப்ப ஆறுக்கு வந்துட்டு. பாத்தியா? நடக்கக்கூடியது எல்லாத்தையும் தெரிஞ்சு, கூட்டி, வகுத்து முடிக்க ஒரு ஆயுசு போதாது மக்கா. எது பெரிசுன்னு பாத்துட்டுப் போயிட்டே இருக்கணும். பன்னிரண்டைவிடப் பெரிசா இதுவரை ஏதாவது வந்துதா? வரல்லல்லா? போய்க் கேளு."

எனக்குப் பாதி புரிந்தது. பாதி இன்றுவரை புரியவில்லை. ஆனால் போனேன்.

அன்று சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில், கணபதி கோயிலில் தேங்காய்கள் சடசடவென்று உடைந்துகொண்டிருக்க, சுபாவிடம் சொன்னேன். பஸ் வரவில்லை. மழையும் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

"எந்தா இது? நீங்க வேலைய விட்டு ஊருக்குப் போறேன்னு சொல்லப் போறீங்கன்னுல்ல நான் விசாரிச்சேன், பயந்தே போயிட்டேன்!" என்றாள். "அவங்க ஞாயித்துக்கிழமைதான வர்றாங்க. நீங்க நாளைக்கே வீட்டுக்கு வாங்க. அச்சனோட நான் இன்னைக்கே பேசிடறேன், கேட்டோ?"

ஓடி வந்து அண்ணனிடம் சொன்னேன். மனிதர் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மாடிப்படியில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கே வான்னு சொன்னாளா? அது என் கணக்குலயே இல்லியேடே! அதுக்கு நான் ஒரு நம்பரும் போடலியே! பொறு, போடுகேன்."

"அதான் நடந்து முடிஞ்சிடுச்சே அண்ணா. இனிமே எதுக்கு நம்பர்?"

"நடந்துட்டா போடக்கூடாதா?" என்றார் பரிதாபமாக.

கீழேயிருந்து மாமி, அங்கே என்ன ரகளை என்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நானும் படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அண்ணன் சுபாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவள் பெயரே அவருக்கு அந்த வாரம்தான் தெரியும்.

"அண்ணா, அந்தப் பன்னிரண்டு எப்படி வந்துது?"

அவர் லுங்கியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"மத்ததெல்லாம் யோசிச்சுப் போட்டேன் மக்கா. அது மட்டும் யோசிக்கல. அவளை எனக்குத் தெரியாது. உன்னைத் தெரியும்லா."

இப்போது அவர் பெங்களூரில் இருக்கிறார். நானும் சுபாவும் இங்கேயேதான் இருக்கிறோம். பள்ளிக்கூடத்திலிருந்து அலுவலகம் வரை எத்தனையோ பேர் என்னை எடைபோட்டு, நூற்றுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். யோசிக்காமல் பன்னிரண்டு போட்டவர் அவர் ஒருவர்தான்.